கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதும் தலையெழுத்து என்பதும் ஒன்றா?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து ஒரு சகோதரி, 8 டிசம்பர் 2024

அண்ணா, என் வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. ஒரே கம்பெனியில் பதினோரு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். சபையில் யாரிடம் சொன்னாலும் "கர்த்தர் ஆளுகை செய்கிறார், அவர் பார்த்துக்கொள்வார், கவலைப்படாதே" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா "எல்லாம் தலையெழுத்தும்மா, விடு" என்கிறார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு அதே அடுப்படிக்குத்தான் திரும்புகிறேன். இதில் என்ன வித்தியாசம்?

9 டிசம்பர், இரவு

சகோதரி, பகலிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்து ஒரு வாரம் ஆகியும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மருந்துக்கடைக்கு வருகிற பாதிப் பேர் "நனைந்துபோன மாத்திரையைப் போடலாமா" என்றுதான் கேட்கிறார்கள். போடக் கூடாது. இங்கே படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சட்டென்று தோன்றுகிற பதில் இதுதான். தலையெழுத்தை நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். கர்த்தர் ஆளுகிறார் என்று நம்புகிறவர் எழுந்து வேலையைப் பார்ப்பார். நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் வந்தார்கள். அப்போது அவர்கள் ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில், 4ஆம் அதிகாரம் 9இல் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் வேலை தேடுவதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

10 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

என் கடைக்கு அடுத்த கடை ஒரு தையற்காரருடையது. சிவபக்தர், இருபது வருஷப் பழக்கம். காலையில் தேநீர் குடிக்கும்போது இந்தக் கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் அவரிடம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, விதியை நம்புகிறவன் கையைக் கட்டி உட்காருவான் என்று யார் சொன்னது? நான் விதியை நம்புகிறேன். காலையில் ஆறு மணிக்குக் கடை திறக்கிறேன். நீங்கள் பத்துக்குத்தான் வருகிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். குறளிலேயே "ஊழிற் பெருவலி யாவுள" என்று ஓர் இடத்தில் வருகிறது. இன்னோர் இடத்தில், சோராமல் முயல்கிறவர்கள் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்றும் வருகிறது. முதலாவது 38ஆம் அதிகாரம், இரண்டாவது 62. இரண்டையும் ஒருவரே எழுதினார். விதியை நம்பும் தமிழனை சோம்பேறி என்று நான் எழுதியது தவறு. அடுத்தவரின் நம்பிக்கையைக் குட்டையாகக் காட்டித்தான் நம்முடையதை உயரமாகக் காட்ட வேண்டுமென்றால், நம்முடையதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

ஆகவே உழைப்பதா உட்காருவதா என்பதில் வித்தியாசம் இல்லை. வேறு எங்கே என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

10 டிசம்பர், இரவு 11 மணி

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

கேள்வியில் ஒரு வரி என்னை விடவே இல்லை: "இரண்டையும் கேட்டுவிட்டு அதே அடுப்படிக்குத்தான் திரும்புகிறேன்." சபையில் சொல்கிற சொல்லும் தெருவில் சொல்கிற சொல்லும் ஒரே மாதிரி கேட்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்தச் சொல்லைச் சொல்கிற நாங்கள்தான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதைப் பேச்சை முடிக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறார். நமக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வசனத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்கிறோம். நானே கடையில் எத்தனை தடவை செய்திருக்கிறேன்.

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன்மார் குழியில் போட்டு, அடிமையாக விற்றுவிட்ட தம்பி, பின்னால் எகிப்தில் அதிகாரியானவன். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... நன்மையாக முடியப்பண்ணினார்." ஆதியாகமம் 50:20. இதை யார் சொன்னது? யோசேப்பே சொன்னான். யாரிடம்? குழியில் போட்ட அண்ணன்மாரிடம். எப்போது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பார்வோன் முன்னால் நின்றபோது 30. ஏழு வருஷம் செழிப்பு, இரண்டு வருஷம் பஞ்சம் போனபின் தகப்பன் எகிப்துக்கு வந்தார். பிறகு 17 வருஷம் உயிரோடு இருந்தார். அவர் இறந்த பின்தான் இந்தப் பேச்சு. அப்படியென்றால் யோசேப்புக்கு வயது சுமார் 56, குழியிலிருந்து தூக்கி ஏறக்குறைய 39 வருஷம்.

குழிக்குள் கிடந்த 17 வயதுப் பையனிடம் மேலே நின்று எட்டிப் பார்த்து "தேவன் இதை நன்மையாக முடியப்பண்ணுவார்" என்று யாரும் சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் அது அண்ணன்மார் வாயிலிருந்துதான் வந்திருக்கும். மேலே நின்றவர்கள் அவர்கள்தான்.

12 டிசம்பர்

மறுபடி மழை. கடையில் ஆள் இல்லை. அண்ணன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் வீடு குண்டு உப்பலவாடியில், தென்பெண்ணை கடலில் சேருகிற பக்கம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அந்த மழையைவிட எங்களைப் பயமுறுத்தியது அதற்குப் பின்னால் ஆற்றில் வந்த தண்ணீர். சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வருகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "தானேயில் காத்தவர் இதிலும் காப்பார், நீ தூங்கு" என்றார்.

தானே புயல் தெரியாதவர்களுக்காக: 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடத்தினோம். அன்று அண்ணன் வீட்டுக் கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. அதிலிருந்து அவருக்கு அந்த வீடு ஒரு சாட்சி.

நான் கேட்டேன்: "அண்ணே, புயலில் சிக்கிய பவுலின் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் முன்னாலேயே சொல்லிவிட்டான். அப்புறம் கப்பலாட்கள் படகை இறக்கி நைசாக ஓடப் பார்த்தபோது பவுல் என்ன சொன்னார்? 'இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்' என்றார். வாக்குத்தத்தம் கையில் இருந்தும் அப்படிச் சொன்னார். கப்பல் ஓட்டத் தெரிந்தவன் கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் தேவனுடைய திட்டத்துக்குள் அடங்கியதுதானே? அறிவிப்பு செய்கிறவனும் அதற்குள்தான் இருக்கிறான்."

அண்ணன் வசனத்தை மறுக்கவில்லை. "விடிந்ததும் பார்க்கலாம்" என்றார். விடிந்தபோது தண்ணீர் திண்ணையைத் தாண்டிவிட்டது. பக்கத்துக் குப்பத்துப் பையன்கள் படகு கொண்டுவந்து அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். கட்டில், பீரோ, அண்ணியின் தையல் இயந்திரம் எல்லாம் போயிற்று. ஆட்கள் தப்பினார்கள்.

இதைக் கேட்டு, விசுவாசத்தின் பேரில் முரண்டு பிடிக்கக் கூடாது என்பதற்கு உதாரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

12 டிசம்பர், மாலை

ஆனால் ஒன்று. அந்த இரவு அண்ணன் நன்றாகத் தூங்கினார், அண்ணியே சொன்னார். நான் தூங்கவில்லை. இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன், கீழ் அடுக்கில் இருந்ததை எல்லாம் மேலே ஏற்றினேன், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினேன். எல்லாம் சரியாகச் செய்தேன். செய்து முடித்த பிறகும் விடிய விடிய வயிற்றில் ஏதோ உருண்டுகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

அண்ணன் எடுத்த முடிவு தவறு, அவருடைய சமாதானம் உண்மை. என் முடிவு சரி, சமாதானம் இல்லை. பவுலிடம் இரண்டும் இருந்தது. படகைப் பற்றிக் கறாராகப் பேசினவர், கொஞ்ச நேரத்தில் அதே புயலில் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னாலும் தேவனுக்கு நன்றி சொல்லிப் பிட்டுச் சாப்பிட்டார். பதினாலு நாள் சாப்பிடாமல் இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் தைரியமாகிச் சாப்பிட்டார்கள்.

அண்ணனுக்கு நான் ஒரு பாடம் சொன்னேன். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

14 டிசம்பர்

புதுச்சேரிச் சகோதரர் ஒருவர் கேட்கிறார்: எல்லாம் தேவன் தீர்மானித்தபடி நடக்கும் என்றால் ஜெபம் எதற்கு?

நல்ல கேள்வி. தானியேல் எரேமியாவின் சுருளை வாசித்து, எருசலேமின் பாழ்க்கடிப்பு 70 வருஷத்தில் முடியும் என்று அறிந்துகொண்டார். "சரி, முடிந்துவிடும்" என்று சுருளை மூடி வைக்கவில்லை. இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து மன்றாட ஆரம்பித்தார். எலியாவும் அப்படித்தான். மழை தருவேன் என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆனாலும் கர்மேலின் உச்சியில் முகம் முழங்காலில் பட குனிந்து, வேலைக்காரனைக் கடல்முகமாய் ஏழு தரம் பார்க்கச் சொன்னார். ஏழாவது தரம்தான் உள்ளங்கையளவு மேகம்.

வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார் என்பதற்காகப் பிள்ளை அப்பாவிடம் பேசுவதை நிறுத்துமா? சொன்னதால்தானே நச்சரிக்கிறது?

15 டிசம்பர், ஆராதனை முடிந்து

வேறு ஒரு விஷயம். "சித்தமானால்" என்ற சொல்.

என் அப்பா கடிதம் எழுதினால் "ஆண்டவருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றுதான் எழுதுவார். யாக்கோபு 4:15. அப்படி எழுதினால் வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்து நிற்பார். பேருந்து ஓடாவிட்டால் நடந்தாவது வருவார். அந்தச் சொல் அவருக்குத் தப்பிக்கும் வழியாக இருந்ததே இல்லை. தன் மூச்சு தன் கையில் இல்லை, அதற்கு உட்பட்டு முழுமூச்சோடு வருகிறேன் என்றே பொருள்.

இப்போது யாராவது "சித்தமானால் வருகிறேன்" என்றால் அவர் வரமாட்டார் என்று புரிந்துகொள்கிறோம். கல்யாண வீட்டில் இலை எண்ணும்போது அவர்களைக் கழித்துவிடுகிறோம். எவ்வளவு அருமையான சொல், இப்படித் தேய்ந்துவிட்டது. மறுபடி அப்பா எழுதியபடி எழுதப் பார்க்கிறேன்.

17 டிசம்பர்

மருந்துக்கடைக்காரன் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு பெரியவர் மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவார். மூன்று மாதம் வரவில்லை. வழியில் பார்த்துக் கேட்டேன். "ஆயுசு கர்த்தர் கையில் தம்பி, மாத்திரை கையில் இல்லை" என்றார். ஒரு ஜெபக்கூட்டத்தில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது மாதம் வலது கை, வலது கால் வரவில்லை. இன்னும் பேச்சு குழறுகிறது.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது, ஓடிப்போகலாமா கூடாதா என்று கேட்டவர்களுக்குத் திருச்சபைச் சீர்திருத்தவாதி லுத்தர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தேவன் என்னைக் காக்கும்படி கேட்பேன், அதன் பிறகு வீட்டுக்குப் புகைபோடுவேன், காற்றைச் சுத்தப்படுத்துவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்பது அதன் கருத்து. மருந்தை ஒதுக்குகிறவன் தேவனை நம்பவில்லை, சோதிக்கிறான் என்கிறார். ஆனால் அயலானுக்கு என்னைத் தேவையென்றால் தயங்காமல் போவேன் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அவரே ஊரைவிட்டுப் போகவில்லை.

எங்கள் திருச்சபையில் சிறுவயதில் ஞானோபதேசம், அதாவது கேள்வி பதிலாக உள்ள விசுவாசப் பாடம், மனப்பாடம் செய்வோம். விசுவாசப் பிரமாணத்தின் முதல் பிரிவுக்கு லுத்தர் தரும் விளக்கத்தில் உடை, செருப்பு, சாப்பாடு, வீடு, நிலம், ஆடுமாடு என்று பட்டியல் போகும். தேவனுடைய ஆளுகை என்றதும் நாம் வானத்தைப் பார்க்கிறோம், அவர் செருப்பைக் காட்டுகிறார். அந்தச் செருப்பை வானத்திலிருந்து போடுவதில்லை, தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். மாத்திரை அட்டையும் அப்படியே.

தயவுசெய்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, இவற்றுக்கான மருந்தை மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தாதீர்கள்.

18 டிசம்பர்

இந்த இழையில் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டே வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். இன்னும் எட்டு நாளில் 20 வருஷம் ஆகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். காலையில் பிள்ளையைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது மகளுக்கு ஐந்து வயது. விடியற்காலையில் அவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தெற்கே சாமியார்பேட்டை வரை.

அடுத்த சனிக்கிழமை புத்தாண்டு. ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். "ஆண்டவர் என் பிள்ளையைக் காப்பாற்றவே அந்தக் காய்ச்சலைக் கொடுத்தார்" என்றேன். சபை ஸ்தோத்திரம் சொன்னது. நானும் அழுதேன். அந்தக் கணத்தில் அது முழு உண்மையாக இருந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் ஓர் அக்கா என் கையைப் பிடித்தார். எங்கள் சபைதான், தேவனாம்பட்டினத்தில் குடியிருந்தவர். அவருடைய ஏழு வயதுப் பையன் அந்தக் காலையில் மணலில் கிரிக்கெட் ஆடப் போனவன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, என் பிள்ளைக்கு அவர் ஏன் காய்ச்சல் கொடுக்கவில்லை?"

இருபது வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

19 டிசம்பர்

நேற்று அதோடு நிறுத்தியதற்குப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், "அப்படியென்றால் அந்தக் காய்ச்சல் தற்செயலா?" என்கிறார். இல்லை, அப்படி நான் சொல்லவில்லை. ஓர் அடைக்கலான் குருவிகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று இயேசு சொன்னார். நான் அதை நம்புகிறேன். குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

அந்தச் சாட்சியில் என் தவறு எது என்று புரிய ரொம்ப காலம் ஆயிற்று. நன்றி சொன்னது தவறில்லை. காரணம் சொன்னதுதான் தவறு. "பிள்ளை பிழைத்தாள், ஆண்டவரே நன்றி" என்று நிறுத்தியிருக்க வேண்டும். "இதற்காகத்தான் அவர் இப்படிச் செய்தார்" என்று தேவனுடைய கணக்குப் புத்தகத்தை நான் திறந்து வாசித்ததுபோலப் பேசிவிட்டேன். என் பக்கத்தை நான் வாசித்தால் பக்கத்து இருக்கைக்காரரின் பக்கமும் சேர்ந்து வாசிக்கப்பட்டுவிடுகிறது.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவே இல்லை. விளக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

19 டிசம்பர், சற்று பின்

இதையும் சொல்ல வேண்டும். அந்த அக்கா கேட்ட பிறகு பல வருஷம் நான் சபையில் சாட்சியே சொல்லவில்லை. வீட்டு ஜெபத்தில்கூட நன்றி சொல்லத் தயங்கினேன். யாராவது வருத்தப்படுவார்களோ என்று பயம். அதுவும் சரியில்லை. ஒரு நாள் அந்த அக்காவே கேட்டார், "உன் பிள்ளை பத்தாவது பாஸாமே, ஏன் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கவில்லை?" என்று. மறு வாரம் கொடுத்தேன். அவர்தான் முதலில் "ஆமென்" சொன்னார்.

21 டிசம்பர்

கடலூர்க்காரர்களுக்கு ஒரு பழைய கதை. ஜான் சகரியா கியர்நாண்டர், ஸ்வீடனைச் சேர்ந்தவர். 1740இல் மிஷனெரியாகக் கடலூருக்கு வந்து 18 வருஷம் வேலை செய்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். கியர்நாண்டர் தரங்கம்பாடிக்குப் போய், அதே வருஷம் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போனார். வங்காளத்தின் முதல் புரொட்டஸ்டண்ட் மிஷனெரி அவர்தான். 1770இல் அங்கே ஓர் ஆலயமும் கட்டி முடித்தார்.

இந்த இடத்தில் நிறுத்திப் பிரசங்கம் செய்வது சுலபம்: "தேவன் கடலூர்க் கதவை அடைத்து வங்காளக் கதவைத் திறந்தார்." நானே ஒரு வாலிபர் கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதுமையில் கியர்நாண்டர் கடனில் மூழ்கினார். 1787இல் அவர் கட்டிய ஆலயமே கடனுக்காகக் கைமாறும் நிலை வந்து, சார்லஸ் கிராண்ட் என்பவர் பணம் கட்டி மீட்டார். அப்போது எந்தக் கதவு திறந்தது, எது அடைத்தது? அப்புறம், 1758இல் கடலூரில் போதகர் இல்லாமல் விடப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட வருஷம்? அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

தேவன் ஆண்டார் என்பதை இது குறைக்கவில்லை. நமக்கு வசதியான இடத்தில் கதையை வெட்டி, "பார்த்தீர்களா அவருடைய திட்டத்தை" என்று காட்டுவதைத்தான் குறைக்கிறது.

23 டிசம்பர்

சகோதரி நேற்று மறுபடி எழுதினார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்கு ஓர் இடம் வந்ததாம், போக்குவரத்துக்கே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். "விட்டது தேவ சித்தமா இல்லையா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன்" என்கிறார்.

சகோதரி, கூட்டிக் கழித்துப் பார்த்தீர்கள், கட்டுப்படியாகவில்லை, விட்டீர்கள். அவ்வளவுதான். சித்தம் என்பது ஒரே ஒரு சரியான பேருந்து, அதைத் தவறவிட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்பதுபோல நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். உங்கள் ஒரு தவறான கணக்கில் கவிழ்ந்துவிடும் ஆளுகை என்றால் அது என்ன ஆளுகை? "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும்; அவனுடைய நடைகளையோ கர்த்தர் உறுதிப்படுத்துகிறார்." யோசிப்பது உங்கள் வேலை, யோசித்தாயிற்று, தூங்குங்கள்.

இதை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன், அண்ணன் தூங்கிய இரவை நினைத்துக்கொண்டு.

23 டிசம்பர்

தையற்காரர் இந்த இழையைத் தன் மகன் ஃபோனில் படித்திருக்கிறார். தன்னைப் பற்றி எழுதியது சரிதான் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "முறையிடுவது உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கூப்பிட்டுத்தான் கரையேறினார். கரையேறிய ஊர் இதுதான்." ஆமாம், திருப்பாதிரிப்புலியூர். வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது.

நான் ஒப்பிடவில்லை. விதியிடம் பேச முடியாது, ஆளிடம் பேசலாம் என்பதை அவரும் தன் வழியில் அறிந்திருக்கிறார். நான் அறிந்த இயேசு, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் வியர்வை இரத்தத்துளிகளாய் விழ, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டவர். முதலில் கேட்டார். அதன் பிறகுதான் "என்னுடைய சித்தத்தின்படியல்ல" என்றார். நாம் சபையில் முதல் பாதியைத் தாண்டி நேராக இரண்டாம் பாதிக்குப் போகச் சொல்கிறோம்.

26 டிசம்பர், இரவு

காலையில் தேவனாம்பட்டினம் போனேன். வருஷாவருஷம் போலக் குப்பத்து ஜனங்கள் கடலில் பால் ஊற்றி, பூப் போட்டு அழுதார்கள். அக்காவும் வந்திருந்தார். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தோம். சங்கீதம் வாசிக்கச் சொன்னார். நான் 23ஐ எடுத்தேன். "அது வேண்டாம், 13ஐ வாசி" என்றார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." வாசித்தேன். ஆறே வசனம்.

இந்த இழையில் வந்த கேள்வியை அவரிடம் சொன்னேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதும் தலையெழுத்தும் ஒன்றா என்று. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "இருபது வருஷமாக அவரிடம் சண்டை போடுகிறேன் தம்பி. தலையெழுத்தாக இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?"

பிறகு மீன் வாங்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

28 டிசம்பர்

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் ஸ்டோர்ஸ் பார்த்தவர் என்று முதல் நாளே எழுதியிருந்தீர்கள். நான் இருபது நாளாக யோசேப்பு, பவுல் என்று எழுதிக்கொண்டிருந்தேன், அது மண்டையில் ஏறவே இல்லை. எனக்குச் சரக்கு தருகிற மொத்த மருந்து வியாபாரி வெள்ளத்தில் நனைந்த சரக்கைப் பிரித்து, எக்ஸ்பைரி தேதி பார்த்துக் கணக்கு எடுக்க ஆள் தேடுகிறார். இரண்டு மூன்று மாத வேலை. அதற்கப்புறம் வைத்துக்கொள்வாரா என்று உறுதி சொல்ல முடியாது. சம்பளம் பழையதைவிடக் குறைவுதான், ஆனால் புதுச்சேரியிலிருந்து பேருந்துச் செலவைத் தருகிறேன் என்றார், கேட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மஞ்சக்குப்பம் கடைக்கு வரச்சொல்லுங்கள். ஆதார் அட்டையும் பழைய கம்பெனியின் அனுபவச் சான்றும் எடுத்து வரட்டும். ஆண்டவருக்குச் சித்தமானால் நான் ஒன்பதரைக்கே கடையில் இருப்பேன்.